கள்ளனைப் பிடிக்கலாம், தண்டிக்க நமக்கு அதிகாரம் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வளர்ந்த ஆண் பிள்ளைகள் உள்ள வாப்பாமாரும் உம்மாமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இந்த இரண்டு மூன்று மாதமாக நமது பகுதி வட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சு, வாசலில் வைத்த பார்சல் காணாமல் போவதுதான். ஒன்லைனில் ஓடர் பண்ணி, காசையும் முன்னமே கட்டிவிடுகிறோம். கூரியர்காரத் தம்பி காலை பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரம் நாம் பாடசாலையில், கந்தோரில், கடையில் நிற்போம். புருஷன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளில் பெண்கள் தனியாக இருப்பார்கள். "விறாந்தைக் கதிரையில வெச்சிட்டுப் போங்க தம்பி" என்று ஜன்னலுக்குள்ளால் சொல்லி அனுப்புவார்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கதிரை மட்டும் இருக்கும். முன்பு தண்ணி மோட்டர், கேஸ் சிலிண்டர், சைக்கிள். இப்போது பார்சல்.

கோபம் வருவது நியாயம். எனக்கும் வரும். ஆனால் அந்தக் கோபம் போன மாதம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எந்த ஊர், எந்தக் குறிச்சி என்று யாரும் கொமெண்டில் கேட்க வேண்டாம்.

ஒரு தங்கச்சியின் வீட்டு விறாந்தையில் இருந்து பார்சல் களவு போனது. உள்ளே ஒரு அபாயா, பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்து. எல்லாமாக 6,800 ரூபா. முன்வீட்டு சீசீடிவியில் ஆள் விழுந்திருந்தான். அஸருக்கு முன் வீடியோ குரூப்புக்கு வந்தது. மஃரிபுக்கு முன் மூன்று இளைஞர்கள் அவனைக் கடற்கரையில் பிடித்து, தென்னையில் கட்டி, போனைப் பிடித்துக்கொண்டு "சொல்லுடா, நீதானே எடுத்த" என்று அடித்தார்கள். அவன் ஒத்துக்கொண்டான். பார்சலும் அவன் வீட்டில் இருந்தே கிடைத்தது. ஆக, அவன் களவெடுத்தது உண்மை. பிழையான ஆளைப் பிடித்த கதை இல்லை இது.

ஆனால் அவனுக்குக் காதுச் சவ்வு கிழிந்து, முன்பல் ஒன்றும் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் பதிவு வரும். வந்தது. அடித்த மூன்று பேரும் இப்போது பிணையில் நிற்கிறார்கள். அதில் ஒருவனுக்குக் கட்டார் விசா வந்து கையில் இருந்தது. பொலிஸ் கிளியரன்ஸ் இல்லாமல் அந்தப் பயணம் நின்றுவிட்டது.

களவெடுத்தவனும் என் மாணவன். அடித்த மூன்று பேரும் என் மாணவர்கள். நான்கு பேருக்கும் ஒன்பதாம் ஆண்டில் நான்தான் வகுப்பாசிரியர்.

விசா போன பிள்ளையின் உம்மா என்னிடம் வந்து கேட்டார்: "சேர், கள்ளனுக்கு அடிச்சது குத்தமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் நமது நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

முதலில், சட்டம் நமது கையைக் கட்டிப் போடவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உடலை மட்டுமல்ல, நமது பொருளையும் காப்பாற்ற உரிமை உண்டு. கள்ளன் பார்சலோடு ஓடுகிறான் என்றால் துரத்தலாம், மறிக்கலாம், பறித்தெடுக்கலாம். கொள்ளை, இரவில் வீடுடைப்பு, உயிருக்கே ஆபத்து என்று நியாயமாகப் பயப்படும் நிலை போன்றவற்றில் அந்த உரிமை இன்னும் பெரியது.

ஆனால் அந்த உரிமைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, தேவைக்கு மேல் ஒரு அடியும் அடிக்கக்கூடாது. இரண்டாவது, நேரம். 98 ஆம் பிரிவின்படி கள்ளன் பொருளோடு தப்பிப் போய்விட்டாலோ, பொலிஸ் உதவி கிடைத்துவிட்டாலோ, பொருள் திரும்பக் கிடைத்துவிட்டாலோ பொருளுக்கான தற்காப்பு உரிமை முடிந்துவிடுகிறது. காலையில் போன பார்சலுக்கு மாலையில் கடற்கரையில் அடிப்பது தற்காப்பு இல்லை. அது பழிவாங்கல். கட்டிப் போட்டவனுக்கு அடிப்பது எந்தக் கணக்கிலும் தற்காப்பு இல்லை.

பிடிக்கவும் நமக்கு அதிகாரம் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவு, பொலிஸ் பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்பவனைச் சாதாரண ஆளும் பிடிக்கலாம் என்கிறது. களவு அப்படிப்பட்ட குற்றம்தான். ஆனால் பிடித்தவனைத் தாமதமில்லாமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். நமக்குத் தந்திருப்பது அவ்வளவுதான். பிடிப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் இடையில் விசாரணை, வீடியோ, அடி ஒன்றுக்கும் இடமில்லை.

இனித் தண்டனைக் கணக்கைப் பாருங்கள். சாதாரண களவுக்கு 367 ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. வீட்டுக்குள் களவென்றால் அதைவிடக் கூட. பல் உடைவது சட்டத்தின் பார்வையில் பாரதூரமான காயம். அதை வேண்டுமென்றே ஏற்படுத்தினால் 316 ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை. ஆயுதம் பாவித்தால் பத்து ஆண்டு வரை. மூன்று பேர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்தால், 32 ஆம் பிரிவின்படி "நான் கையை மட்டும்தான் பிடிச்ச" என்று சொன்னவனுக்கும் அதே பொறுப்பு. 6,800 ரூபாப் பார்சலுக்காக நமது பிள்ளை கள்ளனைவிடப் பெரிய குற்றத்துக்குப் பதில் சொல்ல நேர்கிறது.

சிலர் மார்க்கத்தைக் கொண்டு வருவார்கள். தன் செல்வத்தைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். அது பறிக்க வருபவனை எதிர்த்து நிற்கும் நேரத்துக்கு உரியது. கட்டிப் போட்டவனை அடிப்பதற்கு அதில் அனுமதி எங்கே இருக்கிறது? களவுக்கு மார்க்கம் வைத்த தண்டனையையும் விசாரித்து, சாட்சி கேட்டு, நிபந்தனை பார்த்து நிறைவேற்ற வேண்டியது ஆட்சியாளரும் காழியும்தான் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் பஞ்ச காலத்தில் அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் நாம் பயானில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? கலீபாவே நிதானித்த இடத்தில் நமது குறிச்சிப் பொடியன்மார் அவசரப்படுகிறார்கள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை மறந்துவிட்டோமா? முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை போட்டதாக ஒரு கதை. காசாளரைச் சுற்றி நின்று, போனைப் பிடித்து, "போட்டாய்தானே" என்று கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் பயத்தில் தலையாட்டினார். அந்த வீடியோ பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகளும் வாகனங்களும் நாசமாகின. பிறகு அரச பகுப்பாய்வாளர் சொன்னார், அது மாத்திரையே இல்லை, மாவுக் கட்டி என்று. சுற்றி நின்று அடிக்குப் பயந்து வாங்கும் ஒப்புதல் எவ்வளவு பெறுமதியற்றது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே போனை, அதே கேள்வியை, இப்போது நமது பிள்ளைகள் கையில் எடுத்திருக்கிறார்கள்.

2019 ஜூன் மாதம் இந்தியாவின் ஜார்க்கண்டில் தப்ரேஸ் அன்சாரி என்ற 24 வயது இளைஞனை மோட்டார் சைக்கிள் கள்ளன் என்று கம்பத்தில் கட்டி அடித்தார்கள். புதிதாகத் திருமணமானவர். சில நாட்களில் மவுத்தானார். அந்த வீடியோவைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம், பகிர்ந்தோம், துஆச் செய்தோம். 2023 இல் பத்துப் பேருக்குப் பத்தாண்டு சிறை கிடைத்தது. அவர் களவெடுத்தாரா இல்லையா என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. கட்டி வைத்து அடிப்பது அநியாயம் என்று மட்டும் சொன்னோம். நமது தென்னையில் கட்டும்போது அந்தச் சொல் எங்கே போனது?

பிழையான ஆள் அகப்படுவதும் நடக்கும். 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்று நாடே விழித்திருந்த காலம் ஞாபகம் இருக்கும். நமது கரையோரத்திலும் இரவு முழுக்கப் பொல்லோடு காவல் இருந்தோம். அந்த மாதம் அப்புத்தளைப் பக்கம் இரண்டு பேரும், புத்தளத்தில் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரரும் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார்கள். கூட்டம் கூடினால் யாரும் நின்று யோசிப்பதில்லை.

இப்போது குரூப்களில் வேறொரு யோசனையும் ஓடுகிறது. "கேற்றுக்குக் கரண்ட் கொடுப்பம்", "பார்சலுக்குள்ள ஏதாவது வெப்பம்" என்று. வேண்டாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒருவர் ஆளில்லாத தன் பழைய வீட்டில், கதவைத் திறந்தால் சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தார். பழைய போத்தல் எடுக்கப் போனவனுக்குக் கால் சிதைந்தது. 1971 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுக்காரர் கள்ளனுக்கு 30,000 டொலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஆளில்லாத வீட்டுப் பொருளுக்காக உயிரைப் பறிக்கும் பொறி வைக்க முடியாது என்பதே காரணம். கேற்றுக் கரண்டுக்குக் கள்ளன் யார், மதரஸா விட்டு வரும் பிள்ளை யார் என்று தெரியாது.

முகத்தைப் பேஸ்புக்கில் போடுவதும் கிட்டத்தட்ட அடிதான். ஆள் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், பிறகு அழித்தாலும் ஸ்கிரீன்ஷொட் அழியாது. ஆள் சரியென்றாலும் வழக்குக்குத்தான் நட்டம். முகம் ஊருக்கெல்லாம் காட்டப்பட்ட பிறகு அடையாள அணிவகுப்பில் சாட்சி ஆளைக் காட்டினாலும், "பேஸ்புக்கில் பார்த்துத்தான் சொல்கிறார்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார்.

"பொலிஸுக்குப் போனா என்ன நடக்கும் சேர்? அலைய விடுவானுகள்" என்பீர்கள். அந்த ஆதங்கம் பொய் இல்லை. சின்னக் களவென்றால் முறைப்பாட்டை எழுதவே யோசிக்கும் இடங்களும் உண்டு. அதற்கு வழி, எழுத வைப்பதுதான். எனவே:

1. பார்சலுக்கு ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலோ, தெரிந்த கடையிலோ கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு கடை இதற்கு முன்வந்தால் பாதிப் பிரச்சினை முடியும். பள்ளிவாசல் நிருவாகங்கள் இதைப் பேசலாம்.

2. களவு போனால் அன்றே முறைப்பாடு செய்து, பதிவு இலக்கத்தை வாங்குங்கள். ஓடர் விபரம், காசு கட்டிய பற்றுச்சீட்டு, கூரியர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

3. சீசீடிவிக் காட்சியின் மூலப் பிரதியை அழிய விடாமல் பொலிஸிடம் கொடுங்கள். குரூப்புக்கு "இந்த நேரம், இந்த வீதியில் களவு, கவனம்" என்ற செய்தி போதும்.

4. முறைப்பாட்டை எடுக்காவிட்டால் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து போங்கள். அடிக்கக் கூடிய கூட்டம் அதற்கும் கூடலாம்தானே?

5. கையும் களவுமாக ஆள் பிடிபட்டால் 119 க்கு அழையுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒருவரையும் கை வைக்க விடாதீர்கள். அது கள்ளனுக்கு இரங்குவதற்காக இல்லை, நமது பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக.

பார்சலைப் பறிகொடுத்த அந்தத் தங்கச்சியை நேற்றுச் சந்தித்தேன். அவவுக்குப் பார்சல் இன்னும் கிடைக்கவில்லை, வழக்குப் பொருளாகப் பொலிஸில் இருக்கிறது. "சேர், நான் என்ட பார்சலத்தான் கேட்ட. அவன்ட பல்லயா கேட்ட?" என்றார்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஓம் உம்மா, குத்தம்தான். களவும் குத்தம், அடிச்சதும் குத்தம். ரெண்டையும் தீர்க்கிறது கோடு." அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். என் மீது கோபமாகவும் இருக்கலாம். நான்கு பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் ஆண்டில் இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டேனே என்று எனக்கு என் மீதே கோபம்.

அடுத்த தவணைக்கு நான்கு குடும்பமும் ஒரே கோட்டு வாசலில் நிற்கும். உங்கள் மகனும் அந்த வாசலில் போய் நிற்காமல் இருக்க, இன்று இரவு சோறு தின்னும்போது இதை அவனோடு பேசுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள். பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் குறிச்சி குரூப்பில் பகிருங்கள். அல்லாஹ் நமது பொருளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.