கொழுப்பின் மேல் விழுந்த பழி

சாத்தான்குளம் பஜாரில் ஒரு பலசரக்குக் கடை. எனக்கு முன்னால் நின்ற அம்மா எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயப் படம் போட்டு, பக்கத்திலேயே 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தது. "இதுல கொழுப்பு கிடையாதுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார். "அதான் போட்டிருக்கே, தைரியமா கொண்டு போங்க" என்றார் கடைக்காரர்.

எண்ணெய் என்பதே கொழுப்புதான். ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொழுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்லிவிடலாம். கொலஸ்ட்ரால் என்பது வேறு. அது விலங்குகளின் உடம்பில் ஊறும் பொருள். கடலையிலோ எள்ளிலோ சூரியகாந்தியிலோ அது சொல்லும்படியான அளவில் என்றைக்கும் இருந்ததில்லை. வாழைக்காயில் முள் இல்லை என்று அச்சடித்து விற்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும். அச்சிட்டது பொய்யல்ல. ஆனால் அதைப் படித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது பொய்யான ஒரு நம்பிக்கையை.

கொழுப்பு என்றாலே கேடு, அதை எந்த அளவுக்கு ஒதுக்குகிறோமோ அந்த அளவுக்கு ஆயுள் கெட்டி என்பதுதான் அந்த நம்பிக்கை. இது தவறு. தவறு மட்டுமல்ல, நம் வீட்டுப் பெரியவர்களின் உடம்பைக் கெடுத்துக்கொண்டும் இருக்கிறது.

நம் பேச்சிலேயே கொழுப்பு ஒரு வசவுச்சொல். எதிர்த்துப் பேசினால் "கொழுப்பா உனக்கு?" நாலு காசு சேர்ந்தால் "கொழுப்பெடுத்து அலையுதான்." நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். சொல்லின் மேல் இருந்த வெறுப்பு பொருளின் மேலும் ஏறிவிட்டது. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஏதோ ஓர் எண் கூடுதலாக வந்தால் போதும், "கொழுப்பு கூடிப்போச்சு" என்ற ஒற்றை வாக்கியத்தில் வீடே கலங்குகிறது.

என் பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது. "கொழுப்பு கூடிட்டுன்னு சொல்லிட்டாவ ஐயா. இனி சாளையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்றார். மணப்பாட்டுக் கரையிலிருந்தும் பெரியதாழையிலிருந்தும் வரும் மீன் அவர் வாசலைத் தாண்டிப் போனது. முருங்கைக்கீரையைத் தேங்காயும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல் வெறும் தண்ணீரில் அவித்துத் தின்றார். ஆனால் மதியம் குவியலாகச் சோறு, சாயங்காலம் சீனி போட்ட காப்பி, தொட்டுக்கொள்ள நாலு பிஸ்கட். அதில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியவில்லையே! ஆறு மாதம் கழித்து நான் அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும்; அவருக்கு 300-ஐ நெருங்கியிருந்தது.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? சோற்றிலிருந்தும் சீனியிலிருந்தும் வந்தது. உடம்பு செலவழிக்காத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பமிலமாக மாற்றுகிறது. மூன்று கொழுப்பமிலங்களை ஒரு கிளிசராலில் கோத்தால் டிரைகிளிசரைடு. அதை இரத்தத்தில் ஏற்றி உடம்பெங்கும் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு அளவைத் தணிக்கக்கூடிய ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த மீன்களில் ஒன்றுதான் சாளை. துணைக்கு வந்ததை வாசலோடு அனுப்பிவிட்டு, காரணமாக இருந்ததைத் தட்டில் குவித்திருக்கிறார் பெரியம்மா. கீரையின் கதையும் அதுதான். முருங்கையில் இருக்கும் வைட்டமின் ஏ-வுக்கான கரோட்டின் எண்ணெயில்தான் கரையும். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் தின்றால் அதில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும்.

கொழுப்பு இல்லாவிட்டால் நாம் என்ன ஆவோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் பரப்பினார்கள். ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் விரிகிறதே, அதைவிட மெல்லியதாக, ஒரு மூலக்கூறு கனத்துக்கு விரிந்தது. அளந்து பார்த்தால், அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. உயிரணுவின் சுவர் இரட்டை அடுக்குக் கொழுப்பு என்று அவர்கள் சொன்னார்கள். அந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும். அதன் இரண்டு வால்களும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அதனால் தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவே மறைந்துகொள்கின்றன. கொத்தனார் இல்லாமல் தானாக எழும்பும் சுவர் இது. இந்தச் சுவர் இருப்பதால்தான் உயிருக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டும் உண்டு.

அந்தச் சுவர் சூட்டில் இளகாமலும் குளிரில் இறுகாமலும் பார்த்துக்கொள்வது, நாம் பேரைக் கேட்டாலே பயப்படும் கொலஸ்ட்ரால். உடம்பின் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலிலோ ஏறத்தாழ கால் பங்கு அங்கே இருக்கிறது. பித்தநீரின் அமிலங்கள் அதிலிருந்து வருகின்றன. வெயில் பட்டுத் தோலில் ஊறும் வைட்டமின் டி, ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் வளர்க்கும் ஹார்மோன்கள், எல்லாவற்றுக்கும் மூலம் இந்த ஒரே பொருள். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது.

குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவது ஏன் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுப்புப் பூச்சு அந்தக் குழந்தைகளுக்கு ஊறியிருப்பதில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், பிறந்து இரண்டு நாள் நிறையும் முன்பே இந்தக் குறையால் இறந்தான். இன்று அந்தப் பூச்சையே மருந்தாகக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி உயிரை மீட்கிறார்கள். நாம் இழுக்கும் முதல் மூச்சுக்கே கொழுப்பு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கொழுப்பில் கேடே இல்லையா? இருக்கிறது. கொலஸ்ட்ராலை இரத்தத்தில் சுமந்து செல்லும் எல்.டி.எல். அளவுக்கு மீறினால் இரத்தக்குழாய் அடைபடும் என்பதில் சந்தேகமில்லை. கோல்ட்ஸ்டைன், பிரவுன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது கொலஸ்ட்ராலை உடம்பு கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நாமாக நிறுத்தக்கூடாது. நான் சொல்வது, எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்கக்கூடாது என்பதே.

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள், வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் கொழுப்பமிலச் சங்கிலிகள் நேரானவை. விறகுக் கட்டு போல நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் வளைவு உண்டு, நெருங்க முடியாது. செக்கில் ஆட்டியது என்பதால் இந்த அமைப்பு மாறிவிடாது. 'மரச்செக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் செய்யாது' என்று இப்போது கிளம்பியிருக்கும் நம்பிக்கையும் முதல் நம்பிக்கையைப் போலவே பொய். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் கொழுப்புமாக 27 கிராம் ஒதுக்கியிருக்கிறார்கள். பூஜ்யம் என்று அவர்களும் சொல்லவில்லை.

ஓடும் எண்ணெயை ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றி, அந்த வளைவுகளை நிமிர்த்திக் கட்டியாக்கியதுதான் வனஸ்பதி. அப்படி அரைகுறையாக நிமிர்த்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புதான் உண்மையான பகைவன். 2022 ஜனவரி முதல் உணவிலுள்ள எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு. பிஸ்கட்டையும் பப்ஸையும் வாங்கும்போது, பொரித்த பரோட்டாவுக்கு உட்காரும்போது, எத்தனை பேர் இதைக் கேட்கிறோம்?

முதலூர் மஸ்கோத் அல்வாவைக் கையில் எடுத்தால் விரலில் தேங்காயெண்ணெய் மினுங்கும். "எண்ணெயா வடியுது, வேண்டாம்" என்று ஒதுக்குபவர்கள், அதே கையால் காப்பிக்கு இரண்டு கரண்டி சீனி அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அல்வா அளவாகத் தின்ன வேண்டியதுதான். ஆனால் அதில் எண்ணெயைப் பார்த்த கண் சீனியையும் மைதாவையும் பார்க்க வேண்டாமா?

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொல்லிவைத்தவர்கள் நம் முன்னோர். நல்ல எண்ணெய்க்குச் செலவழித்தால் மருந்துச் செலவு மிச்சமாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாவர எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடிப்பதை நிறுத்த வேண்டும். "கொழுப்பு கூடிவிட்டது" என்று சொல்லும் மருத்துவர், எது கூடியது, தட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும். நாமும் கேட்காமல் எழுந்து வரக்கூடாது.

பெரியம்மா கேட்டார். இப்போது சோறு பாதியாகிவிட்டது. காப்பியில் சீனி இல்லை. மீன்கார அக்கா மறுபடியும் அந்த வாசலில் கூடையை இறக்குகிறார்.