கெலுகோர் குழாயும் கெடா காடும்

2024 ஜனவரி 10 தொடங்கி நான்கு நாள் பினாங்கில் தண்ணீர்த் தடை. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பழைய வால்வுகளை மாற்றினார்கள். ஏறக்குறைய 5,90,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டனர். தடை 14ஆம் தேதி வரை, மறுநாள் பொங்கல். கெலுகோர் அடுக்குமாடிகளில் பொங்கல் பானைக்கு முன்னதாகத் தோம்புகள் நிரம்பின.

அது சொல்லிவைத்த தடை, தேவையான வேலையும்கூட. அதே ஆண்டு டிசம்பரில் பிறை ஆற்றுக்கு அடியில் போகும் குழாய்கள் கசிந்தபோதோ, தண்ணீர் பிடித்து வைக்கக்கூட அவகாசமில்லை.

ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனுக்குத் தண்ணீர் தந்தது தண்ணீர்மலை அருவி. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை வந்தது, 1999இல் தெலுக் பஹாங் அணை. ஆனால் ஊர் அவற்றைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இன்று மாநிலத்தின் நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்று நீர். பெருநிலத்தில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். அங்கே மரம் வெட்டினால் மழைக்கு மண் கரைந்து ஆற்றில் இறங்கும். கலங்கல் கூடினால் படிகாரமும் கூடுதலாக வேண்டும், வடிகட்டும் மணல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு ஃபில்டர் மாட்டுகிறோம். அது கடைசி சொட்டுக் கவலை. முதல் ஃபில்டர் அந்தக் காடுதான். மூடா சமவெளியின் நெல் வயல்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

காட்டைக் காப்பதற்கு ஈடாகப் பினாங்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கேட்டார் கெடா மந்திரி பெசார் சனுசி. எல்லையில் இயல்பாக ஓடும் ஆற்றிலிருந்து, எங்கள் கரையில் எடுக்கும் நீருக்கு எதற்குக் காசு என்கிறது பினாங்கு. சட்டம் பினாங்கின் பக்கம் இருக்கலாம். ஆனால் மரம் விற்றால் வரும் வருமானத்தை விட்டுக்கொடு என்று அண்டை மாநிலத்திடம் சும்மா சொல்ல முடியுமா? சனுசியின் பேச்சுத் தொனி பலருக்குப் பிடிக்காது, எங்களுக்கும்தான். அதற்காகக் கேள்வி பொய்யாகிவிடாது.

கூட்டரசு நடுவில் உட்கார வேண்டும். பினாங்கும் தன் பங்கைக் கொடுக்கட்டும். எவ்வளவு என்பது பேசித் தீர்க்க வேண்டியது. பணம் உலு மூடாவுக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும், வெட்டு உரிமங்கள் நிற்க வேண்டும். கெடாவின் பொதுக் கஜானாவில் கரைவதற்கென்றால் பினாங்கு கையெழுத்திடக் கூடாது.