படித்தவர்களின் கையெழுத்து

மதுரை திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள்கூட ‘பம்பாய்’ படத்து ‘கண்ணாளனே’ பாட்டில் அந்தத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் தெரியாத ஒன்றை நான் நேரில் பார்த்தேன். கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் பேர்கள். ஆணியாலும் சாவியாலும் கீறிய பேர்கள். நடுநடுவே அம்பு துளைத்த இதயங்கள்.

இதைப் பார்த்ததும் நாம் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. ‘படிக்காத ஜனங்க சார், வேற என்ன பண்ணுவாங்க!’

கொஞ்சம் யோசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பேர் ஒன்றாவது அந்தத் தூணில் இருக்க முடியுமா? அத்தனையும் படித்தவர்களின் கைவண்ணம்!

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பி.காம். படித்தபோது டூர் போய் நானும் எழுதினேன். நண்பன் மறைத்து நின்றான். கூட வந்த வாத்தியார் பார்த்தார். ‘சீக்கிரம் வாங்கடா, பஸ் கிளம்புது’ என்றார். அவ்வளவுதான்.

காமர்ஸில் தேய்மானம் என்று ஒன்று சொல்லித் தருவார்கள். மெஷின் தேயத் தேய வருஷா வருஷம் கணக்கில் கழித்துவிட்டு, கடைசியில் புதுசு வாங்கிக்கொள்ளலாம். 1636-ல் கட்டிய அரண்மனையை எந்தக் கடையில் புதுசாக வாங்குவது?

அதிலும் இன்று மிஞ்சியிருப்பது சுமார் கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துப் போனார். மிச்சத்தைப் பழுது பார்க்க வைத்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர். சொந்தப் பேரன் பிரித்தார். வெள்ளைக்காரர் காப்பாற்றினார். நாம் பேர் எழுதுகிறோம்.

செங்கல் கட்டடத்தின் மேல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. கீறல் விழுந்தால் ஈரம் இறங்கும். உப்பும், உதிரும்.

2023-ல் ரோம் நகரத்துக் கொலோசியம் சுவரில் ஒரு வாலிபர் சாவியால் தன் பேரையும் காதலி பேரையும் கீறினார். பக்கத்தில் இருந்த இன்னொரு டூரிஸ்ட் அதை வீடியோ எடுத்தார். அதை வைத்து, இங்கிலாந்தில் இருந்த அவரைக் கண்டுபிடித்தது இத்தாலி போலீஸ். ‘இது இவ்வளவு பழசு என்று தெரியாது’ என்று அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அங்கேயும் கிறுக்கர்கள் உண்டு. ஆனால், பக்கத்தில் நின்றவர் கேமராவைத் தூக்கினார். இங்கே என் நண்பன் மறைத்து நின்றான்.

தமிழ்நாட்டில் 1966-லிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் தூணுக்குத் தூண் காவல் நிற்குமா? வாத்தியார்களே, அப்பா அம்மாக்களே! அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, டிக்கெட் எடுக்குமுன் ஐந்து நிமிஷம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பஸ் கொஞ்சம் லேட்டாகக் கிளம்பட்டும்.

பல வருஷம் கழித்துப் போய் என் பேரைத் தேடினேன். காணோம். மேலே பூசிவிட்டார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. அடியில் கீறல் அப்படியே இருக்கும். என் கணக்கில் அது இன்னும் கடன்தான்.