பொம்மைச் சிப்பாயும் கூப்பன் பாக்கியும்

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பொம்மைச் சிப்பாய் சேகரிப்போர் சங்கத்தாருடன் ஒரு நாள் கழித்தோம். ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் 12 அங்குலச் சிப்பாய்களைப் புல்வெளியில் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், அதில் நமக்குச் சரக்கு இருக்கிறது.

1964ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ஜி.ஐ. ஜோ' பொம்மையை விட்டது. 1966ல் இங்கிலாந்தில் பாலிடாய் கம்பெனி அதையே 'ஆக்‌ஷன் மேன்' என்று விற்றது. பொம்மை ஒருமுறைதான் விற்கும். சட்டை, பூட்ஸ், துப்பாக்கி, கூடாரம் விற்றுக்கொண்டே இருக்கும். ரேசரும் பிளேடும் மாதிரிக் கணக்கு. பெட்டியிலுள்ள நட்சத்திரங்களை வெட்டி 21 சேர்த்தால் ஒரு பொம்மை இலவசம். 1984ல் தயாரிப்பு நின்றும், ஒரு ஜோடி பூட்ஸுக்காக ஒருவர் அரை மணி நேரம் மேசை மேசையாகத் தேடினார். நட்சத்திரம் வெட்டாத பெட்டிக்குத் தனி மதிப்பாம்!

நம் உறுப்பினர்கள் பலர் பரிசுக் கூப்பனே வேண்டாம் என்கிறார்கள். கோபம் நியாயம்தான். ஒரு கம்பெனி நமக்கே எட்டு மாதம் கூப்பன் பணத்தை இழுத்தடித்தது. ஆனாலும் நாம் கூப்பனை ஒதுக்கச் சம்மதியோம். பிள்ளை ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினால் தாயும் அதே கடைக்குத்தான் வருவாள். சூப்பர் மார்க்கெட்டுக்கு அந்தக் கூட்டத்தை நாமே அனுப்புவானேன்? கூப்பன் பணம் 30 நாளில் வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் கம்பெனிகளுக்கு எழுதுவோம். பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். பாக்கி உள்ளவர்கள் பில் நகலுடன் வாருங்கள்.