கேரித் தீவுக்குப் போய்வாருங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கிறீர்கள். பேரங்காடியைச் சுற்றினால் காசுதான் கரையும். இந்த முறை கேரித் தீவுக்குப் போங்கள். கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் அதிகத் தூரமில்லை. பாலம் தாண்டினால் இரு பக்கமும் செம்பனை. நம்மவர் தலைமுறைகளாக உழைத்த தோட்டம். ஆனால் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் மா மெரி மக்கள். ஓராங் அஸ்லி எனப்படும் 18 பூர்வகுடிப் பிரிவுகளில் ஒரு பிரிவினர்.

சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்களின் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. சதுப்புநில மரத்தில் செதுக்கிய முகமூடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு 'மோயாங்', அதாவது மூதாதையர் ஆவி. குலதெய்வத்துக்கும் முனியாண்டிக்கும் படையல் போடும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? ஆண்டுக்கொரு முறை, கடல் வற்றும் நேரத்தில், சேற்றுக் கரையில் இறங்கிக் கடல் ஆவிகளுக்குப் பூஜை செய்கிறார்கள். அதன் பெயரே 'பூஜா பந்தாய்'. நம் காதுக்கு எவ்வளவு பழகிய சொல், பாருங்கள்!

ஆனால் முகமூடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தக் கரை யாருடையது என்றும் கேளுங்கள். 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டப்படி, அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தைக்கூட மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேரித் தீவில் மாபெரும் துறைமுகம் கட்டும் பேச்சு 2017-இல் எழுந்தது. அதற்குப் பிறகும் எழுந்தது. துறைமுகம் வந்தால் பூஜை செய்யும் கரை என்னவாகும்?

டெங்கிலில் என்ன நடந்தது தெரியுமா? விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-இல் தெமுவான் மக்களை வெளியேற்றி, மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். நிலத்துக்கு ஒரு காசில்லை, பட்டா இல்லையாம்! சாகோங் தாசியும் உறவினர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலமே அவர்களுடையது, அதற்கும் இழப்பீடு கொடு என்றன. அதன் பிறகும் 2010 வரை இழுத்துத்தான் முடிந்தது.

'பட்டா இல்லை' என்ற சொல் நமக்குப் புதிதா? 2007 அக்டோபர் 30-இல், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அதே ஷா ஆலம் வட்டாரத்தில் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலை உடைத்தபோதும் இதையொத்த சொல்லைத்தான் கேட்டோம். அந்த வலி தெரிந்த நம்மிலேயே சிலர் இந்த மக்களைக் 'காட்டான்' என்று கேலி பேசுவதுதான் வெட்கக்கேடு.

போவதற்கு முன் நிலையம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பூஜை செய்யும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பெண்கள் பின்னிய பையோ சிறு முகமூடியோ வாங்கினால் பேரம் பேச வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்தத் தோட்டத்தில் வேலை செய்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். இந்த மக்களைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.