வழி சொல்லாத அழைப்பிதழ்

மகாநாட்டு அழைப்பிதழ்களைப் படிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, நாட்டுப்பண் எல்லாம் நிமிஷக் கணக்கோடு அச்சாகியிருக்கும். அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. இதை அச்சுப்பிழைபோல மன்னித்துவிட நான் தயாராக இல்லை. யார் வந்தால் போதும், யார் வராவிட்டால் பரவாயில்லை என்பதை அழைப்பவர்கள் இப்படித்தான் சொல்லாமல் சொல்கிறார்கள்.

பெரிய நகரங்களில் இது உறைக்காது, சிற்றூர்களில் உறைக்கும். அண்ணாமலைநகரை எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்தை ஒட்டி 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ரயில் பாதைக்கு மேற்கே நடராஜர் கோயில், தேர் வீதிகள், பஸ் நிலையம், விடுதிகள், கிழக்கே பல்கலைக்கழகம். உள்ளூர்க்காரருக்கு இது பாலபாடம். திருநெல்வேலியிலிருந்து முதல் தடவையாக வருகிறவருக்கு யார் சொன்னார்கள்? கீழவீதியில் அறை எடுத்துவிட்டு, தண்டவாளத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அலைய வேண்டியதுதான். வளாகத்துக்குள் நுழைந்த பிறகும் கலை, பொறியியல், வேளாண்மை என்று கட்டிடங்கள் பரந்து கிடக்கின்றன. "பல்கலைக்கழகம் வந்தாச்சு, இறங்குங்க ஸார்" என்று ஆட்டோக்காரர் சொல்லும் இடத்துக்கும், கட்டுரை வாசிக்கும் மண்டபத்துக்கும் நடுவே நல்ல வெயிலில் ஒரு நடை மிச்சமிருக்கும்.

அந்த ஊரார் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அதன் பூகோளம் விளங்குவதற்கு எளிது என்பதால் சொன்னேன். குறை நாடு முழுவதற்கும் பொது.

வழியை மறிப்பது பல்கலைக்கழகங்களுக்குப் பழைய கலைதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு ரயில் வந்தது 1845-ல். நிலையம் ஊர் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி அமைந்தது. நிலையத்துக்குள் புகுந்து மாணவர்களைப் பற்றி விசாரிக்கவும், இன்னாரை வண்டியில் ஏற்றாதே என்று தடுக்கவும் பல்கலைக்கழக அதிகாரிகளுக்கு 1844-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை தந்தது. அவர்கள் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நாம் சும்மா இருந்தே தடுக்கிறோம்!

தடுக்கப்படுகிறவர் யார்? மந்திரிக்கும் துணைவேந்தருக்கும் கார் போய்விடுகிறது. பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு, விடியுமுன் மூன்று மணிக்கு ரயிலிலிருந்து தனியாக இறங்குகிற ஆராய்ச்சி மாணவிக்குத்தான் வழி தெரிய வேண்டும். கால் ஊனமுற்ற ஆசிரியருக்குத்தான் மண்டபத்தில் எத்தனை படிகள் என்று தெரிய வேண்டும். இவர்கள் உல்லாசப் பிரயாணம் வருகிறவர்கள் அல்லர். கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மகாநாட்டுக் கட்டுரைகளையும் கணக்கில் எடுக்கும் மதிப்பெண் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டுவந்தது. வராதே என்றும் சொல்லாமல், வர வழியும் காட்டாமல் இருப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

"படித்தவர்கள்தானே, விசாரித்து வரமாட்டார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவரை ரயிலடியிலிருந்து அழைத்து வந்தது யாருடைய கார் என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். எந்த நிலையத்தில் இறங்குவது, பாதைக்கு எந்தப் பக்கம் வருவது, நியாயமான ஆட்டோ கூலி என்ன, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கும் தொலைபேசி எண் எது என்று ஒரு தாள். ரயிலடியில் பலகை பிடித்து நிற்க இரண்டு மாணவர்கள். விடுதிக்கும் மண்டபத்துக்கும் போய்வர ஒரு வேன். மேடையில் போர்த்தும் பொன்னாடைகளில் பாதியைக் குறைத்தாலே இந்தச் செலவு கட்டி வரும்.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரைப் பற்றித்தான் பல மகாநாடுகள் கூடுகின்றன. அந்த அதிகாரத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வருகிறவர் ரயிலடியில் வழி தெரியாமல் நிற்கிறார். மண்டபத்தில் நாற்காலிகள் ஏன் காலியாக இருக்கின்றன என்று அமைப்பாளர்கள் கேட்கிறார்கள். பதில் அவர்கள் அச்சடித்த அழைப்பிதழிலேயே இருக்கிறது.