குதிரைக் கணக்கு

‘எத்தனை குதிரை சக்தி?’ என்று கேட்டுவிட்டு, அதோடு ஒரு காரை அறிந்துகொண்டதாகத் திருப்தி அடைகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தெருவில் ஓடும் டர்போ காரைக் கால் மைல் பந்தயத்துக்குத் தயார் செய்கிறோம் என்கிறார்கள். செய்வது என்ன? பூஸ்ட் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். போதவில்லையா? இன்னும் ஏற்றுகிறார்கள்.

டர்போவுக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கிய காற்று சூடேறும். பெட்ரோலும் போதாமல், தீப்பொறியும் முந்திவிட்டால், எரியாமல் மிஞ்சிய கலவை தீ வந்து சேருமுன் தானே வெடிக்கும். அந்தத் தட்டல் காதில் விழுந்தும் அழுத்தத்தை ஏற்றுகிறவன் தன் பிஸ்டனைத் தானே உடைக்கிறான். அவனைச் சாகசக்காரன் என்று நான் ஒப்பமாட்டேன்.

சரி, எஞ்சின் பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஓடுதளத்தில் ஒரு சீட்டுத் தருகிறார்கள். 1,320 அடியைக் கடந்த நேரம், முடிவில் எட்டிய வேகம், முதல் 60 அடிக்கு ஆன நேரம் எல்லாம் அதில் இருக்கும். நம் நண்பரோ வேகத்தை மட்டும் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுவார். வேகமும் அதிகம், நேரமும் அதிகம் என்றால் என்ன அர்த்தம்? சக்தி இருந்தது, டயர் வழுக்கிற்று. புறப்பட்ட இடத்தில் கிளம்பிய புகையைப் பார்த்துக் கைதட்டினார்களே, அவர் தோற்றது அங்கேதான்! முதல் 60 அடியில் பத்தில் ஒரு பங்கு வினாடியை மிச்சம் பிடித்தால், முடிவில் அதற்கு மேலேயே மிச்சமாகும். பின் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, புறப்படும்போது பூஸ்ட்டை அடக்கி, வண்டி தரையைப் பிடித்த பிறகு ஏற்றிப் பார்க்கட்டுமே! ஆனால், அடக்குவதில் பெருமை பேச முடியாதல்லவா?

1987-ல் அமெரிக்காவில் ப்யூக் ஜி.என்.எக்ஸ். என்று 547 கார்கள் செய்தார்கள். எட்டு சிலிண்டரைக் கும்பிட்ட நாட்டில் ஆறே சிலிண்டர், 3.8 லிட்டர். அறிவித்த சக்தி 276 குதிரை. டர்போவை மாற்றினார்கள், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மேம்படுத்தினார்கள். அதோடு நின்றார்களா? பின் அச்சைப் பிடித்து நிறுத்த ஏணி போன்ற இரும்புச் சட்டமும் ஒரு குறுக்குத் தண்டும் கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை!

‘சீட்டு என்ன சீட்டு? ராத்திரி நெடுஞ்சாலையில் எல்லோரையும் ஜெயித்தேன்’ என்பவரும் உண்டு. இந்தப் பைத்தியத்தைத் தெருவிலிருந்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோகத்தான் வாலி பார்க்ஸ் 1951-ல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். ராத்திரிச் சாலையில் நேரம் குறிக்க விளக்கும் இல்லை; எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்தால் அவர் ஒதுங்க இடமும் இல்லை.